லெவல் பாக்காம நட்ட பாக்காவ்

மூணு வருஷமா ஒரு போட்டோ என் போன்ல கெடக்கு. அழிக்க மனசு வரல, பாத்தா நெஞ்சு ஒரு மாதிரி ஆயிடுது. நாப்பது பேரு, எல்லாருக்கும் ஒரே பச்சை டி-ஷர்ட்டு, முழங்கால் வரைக்கும் சேறு, கையில ஆளுக்கொரு பாக்காவ் கன்னு, கடல் ஏறி எறங்குற சதுப்புல வளருமே அந்த மாங்குரோவ் மரம், முன் வரிசையில நான். அன்னைக்கு காலையில ஏழு மணிக்கே நாசி லெமாக் பொட்டலமும் தே ஓவும் குடுத்து பசியாற வச்சு, ஒருத்தர் மைக்குல பேசி, எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு நட விட்டாங்க. ரெண்டாயிரம் கன்னு, பதினொரு மணிக்குள்ள முடிஞ்சிருச்சு. வீட்டுக்கு வந்து கால் நகத்துக்குள்ள போன சேற தேய்ச்சு கழுவும்போது மனசுல ஒரு நிம்மதி இருந்துச்சு, ஏன்னா அந்தக் கன்னுங்களுக்குப் பின்னாடி ஒரு கணக்கு இருக்கு, அது அங்க வந்த பாதி பேருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

பினாங்குல, செபராங் பிறை தெற்குல ஒரு வேலைக்காக கடலோரத்துல ஒரு துண்டு பாக்காவ் காட்ட வெட்டுனாங்க. யாரு வெட்டுனா, எந்த எடம்னு இங்க எழுதப் போறதில்ல. வெட்டுனதுக்கு ஈடா வேற எடத்துல கன்னு நட்டுத் தரணும்னு நிபந்தனை, அதுதான் அந்த ரெண்டாயிரம். வெட்டுறதுக்கு முன்னாடி அந்தக் காட்ட அளந்தது நாங்க. நான் பட்டர்வொர்த்துல ஒரு சர்வே ஆபீஸ்ல பதினாலு வருஷமா வேலை செய்யிறேன், பிளான் போடுறது என் வேலை, ஆள் பத்தலன்னா சைட்டுக்குப் போய் ஸ்டாஃப், அதாவது ஒசரம் அளக்குற கோடு போட்ட கம்பு, புடிப்பேன். அந்தக் காட்டுக்குள்ள நாலு நாள் நின்னேன். மூக்கு வரைக்கும் வர்ற வேருக்குள்ள குனிஞ்சு போய் ஒவ்வொரு புள்ளியா லெவல், அதாவது நெலத்தோட ஒசரம், எடுத்தோம், நண்டு சேத்துல இருந்து தலைய நீட்டிப் பாத்துட்டு உள்ள போகும், சொட்டு சத்தம் வராத எடமே இல்ல. நாலு மாசம் கழிச்சு அதே எடத்துல லாரி லாரியா மண்ணு கொட்டிக் கெடந்துச்சு. அதுக்காகத்தான் நானா பேர் குடுத்து நடப் போனேன். போனத நம்ம கையாலயே திருப்பி வச்சிடலாம்னு நெனச்சேன்.

ஏழு மாசம் கழிச்சு நிபோங் திபால்ல இருக்குற பெரியப்பா வீட்டுக்கு தீபாவளி பலகாரம் குடுக்கப் போனப்ப, வாங்க பெரியப்பா நான் நட்ட மரத்த காட்டுறேன்னு அவர மோட்டார்ல ஏத்திக்கிட்டு போனேன்.

பெரியப்பா சொன்னது

தண்ணி நல்லா எறங்கியிருந்த நேரம். கண்ணுக்கு எட்டுன வரைக்கும் சேறு பளபளன்னு. நட்ட வரிசை அப்படியே இருந்துச்சு, ஆனா இருந்தது மூங்கில் குச்சிங்க மட்டும்தான். குச்சியில கட்டுன செகப்பு ராஃபியா கயிறு கூட இருக்கு, கயித்துக்குள்ள கன்னு இல்ல. சில எடத்துல கன்னோட தண்டு நிக்குது, எலை ஒண்ணு கூட கெடையாது, தண்டு முழுக்க வெள்ளை வெள்ளையா சுண்ணாம்பு மொட்டு மாதிரி தெரித்திப் அப்பிப் போயிருந்துச்சு. படகு அடியில ஒட்டுமே, கைய வச்சா கிழிச்சிடுமே, அதேதான். ஒரு தண்ட தொட்டேன், பாரம் தாங்காம சாஞ்சு என் கையோட வந்திருச்சு. வேரு ஒரு விரக்கடை கூட எறங்கல. ஒரு மணி நேரம் நடந்தோம். பச்சை எலையோட பாத்தது பதினொண்ணு.

பெரியப்பா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அவருக்கு எழுபத்திரெண்டு வயசு, சின்ன வயசுல இருந்து இந்தக் கரையில நண்டு புடிச்சு, தூண்டி போட்டு வளந்தவரு. அப்புறம் செருப்ப கழட்டி கையில புடிச்சுக்கிட்டு கேட்டாரு:

“ஏன் புள்ள, இங்க நடச் சொன்னது யாரு?”

“அவங்கதான் பெரியப்பா. பர்மிட்டு எல்லாம் இருந்துச்சு.”

“இங்க என்னைக்குமே மரம் இருந்ததில்லையே. இது கெராங் பொறுக்குற சேறு. எங்கம்மா காலத்துல இருந்தே இது கெராங் பொறுக்குற சேறுதான்.”

கெராங் தெரியும்ல, சார் குவே தியாவ்ல போடுவாங்களே அந்தச் சிப்பி. திரும்பி வர்ற வழியில மோட்டார் பின்னாடி உக்காந்துக்கிட்டு அவரு காதுல சொல்லிக்கிட்டே வந்தாரு, மரம் வர்ற எடம்னா அஷ்டமி நவமியில காயணும் புள்ள, இது காயவே காயாதே, நாளு முழுக்க ஊறிக்கிட்டே கெடக்குமே, எப்படி புடிக்கும். அப்ப எனக்கு அது பாதிதான் புரிஞ்சுச்சு. ராத்திரி தூக்கம் வராம படுத்திருந்தப்பதான் தாத்தா ஞாபகம் வந்துச்சு.

தாத்தா கடலோரத் தென்னந்தோட்டத்துல வாட்டர் கேட்டு பாத்தவரு. அந்தக் காலத்துல இந்தப் பக்கத்துத் தோட்டம் நெறய சதுப்புல பண்டு போட்டு எடுத்த நெலம்தான், கடல் வெளிய, தோட்டம் உள்ள, நடுவுல ஆள் உயரத்துக்கு மண் பண்டு. தண்ணி எறங்குறப்ப கேட்ட தூக்கணும், தோட்டத்து மழைத்தண்ணி வெளிய ஓடணும், ஏறுறப்ப மூடணும், ஒரு தடவை தூங்கிட்டா உப்புத்தண்ணி உள்ள வந்து தென்னங்கன்னு போச்சு, கிராணி கிட்ட பேச்சு வாங்கணும். கடிகாரம் இல்லாத மனுசன் நெலாவ பாத்து நேரம் சொல்லுவாரு. அமாவாசை பௌர்ணமிக்கு பெரிய தண்ணி, அன்னைக்கு பண்டு ஓரம் வரைக்கும் தளும்பும், நல்லா வத்தவும் செய்யும். அஷ்டமி நவமிக்கு தண்ணி சோம்பலா இருக்கும், ரொம்ப ஏறாது, ரொம்ப எறங்காது. இத நான் சின்னப் புள்ளையில கதையா கேட்டிருக்கேன். பாக்காவ் காட்டுக்கே இதுதான் அடிப்படைன்னு அன்னைக்கு ராத்திரி வரைக்கும் எனக்குத் தோணல.

பழைய ஃபைல்

திங்கக்கிழமை ஆபீஸ் போனதும் மொத வேலையா அந்தப் பழைய ஃபைல எடுத்தேன். வெட்டுறதுக்கு முன்னாடி நாங்க அளந்த பிளான். என் கையால போட்ட டிராயிங். காட்டுக்குள்ள எடுத்த ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்துல ஒரு நம்பர், 0.62, 0.71, 0.85, 1.04, உள்ள போகப் போக 1.2 கிட்ட. மரம் முடிஞ்சு சேறு ஆரம்பிக்கிற ஓரத்துல நம்பர் கொறஞ்சு 0.2, 0.1ன்னு ஆகி, அதுக்கப்புறம் மைனஸ். சைட் எல்லைக்கு வெளிய சும்மா ஒரு கோடு இழுத்து எடுத்த ரெண்டு மூணு புள்ளி மைனஸ் 0.4. நாங்க ரெண்டாயிரம் கன்னு நட்ட எடம் அந்தக் கோட்டுக்குத் தெக்க இருக்குற அதே சேறு.

நாற்காலிய பின்னாடி தள்ளிட்டு அந்தத் தாளையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு மீட்டருக்கு மேல வித்தியாசம். என் பொழப்பே லெவல் பாக்குறதுதான், ஒரு வீட்டு அஸ்திவாரத்துக்கு ரெண்டு சென்டிமீட்டர் தப்புன்னா திரும்பப் போய் அளக்கச் சொல்றவ நான், அன்னைக்கு சேத்துல நின்னப்ப இங்க லெவல் என்னன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா பதில் எங்க ஆபீஸ் அலமாரியிலயே இருந்துச்சு. நடச் சொன்னவங்க கேக்கல, அனுமதி குடுத்தவங்க கேக்கல, நானும் கேக்கல.

அந்த நம்பருக்கு என்னா அர்த்தம்னு கொஞ்சம் சொல்லிடுறேன், ஏன்னா எல்லாமே அதுலதான் நிக்குது. நம்ம நாட்டு நில லெவல் கிள்ளான் துறைமுகத்துல 1984ல இருந்து 1993 வரைக்கும் பத்து வருஷம் கடல அளந்து எடுத்த சராசரி மட்டத்துல இருந்து எண்ணுறது. சைபர்னா சராசரி கடல் மட்டம். ப்ளஸ்ல இருக்குற எடம் நாள்ல பாதி நேரத்துக்கு மேல வெளிய இருக்கும், மைனஸ்ல இருக்குற எடம் பாதிக்கு மேல தண்ணிக்குள்ள. பாக்காவ் காடு பொதுவா சராசரி மட்டத்துக்கு மேலதான் வரும், மொத்த நேரத்துல மூணுல ஒரு பங்கு கூட மூழ்காத எடம்தான் அதுக்கு வாகு. இன்னொரு விஷயம், கப்பல்காரங்க பாக்குற தண்ணி அட்டவணை இருக்கே, அதுல சைபர் வேற எடம், ரொம்ப வத்துன தண்ணியில இருந்து எண்ணுவாங்க, ரெண்டுக்கும் ஒரு மீட்டருக்கும் மேல வித்தியாசம் வரும். அந்த அட்டவணையில ஒண்ணரை மீட்டர்னு பாத்துட்டு நல்ல ஒசரம்னு நெனச்சா அது நெஜத்துல சேறு. ஒரு திட்டம் இந்த ஒரே கொழப்பத்துல செத்துப் போகலாம்.

பெரியப்பாவோட அஷ்டமி நவமிக்கும் அர்த்தம் இங்கதான் கெடச்சுது. ஆப்பி-ஆப்பின்னு பாக்காவ் காட்டுல இன்னொரு மரம், அதோட வெதை சின்னது, மெதந்து வரும், பெரிய தண்ணியில ஒசரமான சேத்துல வந்து ஒக்காரும். அதுக்கப்புறம் தண்ணி சோம்பலா இருக்குற நாள்ல கடல் அந்த ஒசரத்துக்கு வராது, அஞ்சாறு நாள் வெதைய யாரும் அசைக்க மாட்டாங்க, அந்த நேரத்துக்குள்ள வேர விட்டு புடிச்சுக்கும். அடுத்த பெரிய தண்ணி வர்றப்ப அது ஏற்கெனவே நெலத்துல நிக்குது. மைனஸ் 0.4ல அந்த அஞ்சு நாள் என்னைக்குமே கெடைக்காது. கன்னு குச்சியில கட்டுனாலும் அலை ஆட்டிக்கிட்டே இருக்கும், வேரு எறங்காது, மேல தெரித்திப் ஏறி ஒக்காந்து கதைய முடிச்சிடும்.

இதெல்லாம் புதுசா கண்டுபுடிச்சதும் இல்ல. நம்ம மண்ணுல வச்சே வாட்சன்னு ஒரு காட்டிலாகா அதிகாரி 1928ல மலாயா பாக்காவ் காடுகளப் பத்தி எழுதி வச்சிருக்காரு. கடல் மாசத்துல எத்தனை தடவை ஏறுதுங்கிற கணக்க வச்சு நெலத்த அஞ்சு வகையா பிரிச்சாரு. மாசம் 56ல இருந்து 62 தடவை மூழ்குற எடத்துல, அதாவது எல்லா ஏத்தத்துலயும் மூழ்குற எடத்துல, மரம் கிட்டத்தட்ட கெடையாது. அதுக்கு மேல ஆப்பி-ஆப்பியும் பெரெப்பாட்டுங்கிற இன்னொரு சதுப்பு மரமும். மாசம் 20ல இருந்து 45 தடவை மூழ்குற மூணாவது வகையிலதான் பாக்காவுக்கு நல்ல வாழ்வு. கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகப் போகுது. நாங்க நட்டது மொத வகை நெலத்துல மூணாவது வகை மரம்.

சொந்தக்காரன் இல்லாத சேறு

அப்ப ஏன் எல்லாரும் சேத்துல போயி நடுறாங்க? இத யோசிச்சு யோசிச்சு நான் வந்து நின்ன எடம் இது. பாக்காவ் ஒரு காலத்துல இருந்த நெலம், அதாவது சரியான ஒசரத்துல இருக்குற நெலம், எல்லாத்துக்கும் இன்னைக்கு ஒரு சொந்தக்காரன் இருக்கான். எறால் குளமா இருக்கு, செம்பனைத் தோட்டமா இருக்கு, ஃபேக்டரியா இருக்கு, அதுக்கெல்லாம் கிராண்ட், அதாவது நெலப் பத்திரம், இருக்கு, விலை இருக்கு. வெளிய இருக்குற சேத்துக்கு யாரும் கிராண்ட் காட்டி சண்டை போட மாட்டாங்க. அதனால அனுமதி சுலபம், செலவு கம்மி, பஸ் விட்டு ஆள கொண்டு வரலாம், போட்டோ நல்லா வரும். பாக்காவ் வெதையும் நீளமா, கையில புடிச்சு குத்துறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும், ஆப்பி-ஆப்பி வெதைய பொறுக்கி நடுறது பெரிய பாடு. இப்படித்தான் தப்பான மரம் தப்பான எடத்துக்குப் போகுது.

அந்தச் சேறு சும்மா கெடக்குற எடமும் இல்ல. தெலுக் ஆயேர் தாவார்ல இருந்து கோல மூடா வரைக்கும் இருக்குற கரைச் சேத்துக்கு வருஷா வருஷம் வடக்க சைபீரியா பக்கத்துல இருந்து உள்ளான் பறவைக் கூட்டம் வந்து எறங்குது, அதுங்க தின்னுறது சேத்துக்குள்ள இருக்குற புழுவும் சிப்பியும்தான். கெராங் பொறுக்குற சனத்துக்கும் அதுதான் வயல். காட்டுக்கு ஈடுன்னு சொல்லி சேத்துல குச்சி நட்டா, ஒரு எடத்த அழிச்சதுக்கு இன்னொரு எடத்தையும் கெடுத்த கணக்கு ஆயிடுது, நடுறது எல்லாம் பொழச்சாலும் கூட.

நம்ம ஊருல மட்டும் நடக்குறதும் இல்ல இது. இலங்கையில சுனாமிக்கு அப்புறமும் முன்னாடியும் நட்ட எடங்கள்ல 23 எடத்த ஆராய்ச்சியாளருங்க போய்ப் பாத்து 2017ல எழுதுனாங்க, அதுல ஒம்போது எடத்துல ஒரு கன்னு கூட உசுரோட இல்ல, ஆயிரம் ஹெக்டேருக்கு மேல நட்டதுல உருப்படியா வந்தது 200 ஹெக்டேர் சொச்சம். பிலிப்பைன்ஸ்ல பல வருஷ நடவுகள திரும்பிப் பாத்தப்ப நூத்துக்குப் பத்து இருபதுதான் கடைசி வரைக்கும் நின்னுச்சு, அங்கயும் காரணம் இதேதான், சேத்துல பாக்காவ். 2004 டிசம்பர் 26 இங்க யாருக்கும் மறக்காது, பினாங்குல மட்டும் 52 உசுரு போச்சு, அதுக்கப்புறம் 2005ல இருந்து அரசாங்கமே நாடு முழுக்க கரையில மரம் நடுற திட்டம் கொண்டு வந்துச்சு. அந்த ஆசை தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கத்துக்காரங்க அதுக்கும் முன்னாடி, தொண்ணூறுகள்ல இருந்தே நட்டுக்கிட்டு வர்றாங்க, அவங்க கரைய தெரிஞ்ச ஆளுங்க, எந்தச் சேறு எப்ப காயும்னு உள்ளங்கை மாதிரி தெரிஞ்சவங்க. கரைய தெரியாதவங்க கையில கன்னு போனா என்னா ஆகுதுங்கிறதுதான் என் கவலை.

மாத்தாங் காட்ட பாருங்க, நம்ம பேராக்குலயே, கோல செப்பாத்தாங்ல கரி சூளைக்கு மரம் வெட்டுறாங்களே அது. சுமார் 40,000 ஹெக்டேர், நூறு வருஷத்துக்கு மேலா 30 வருஷ சுத்துல வெட்டி வெட்டி திரும்ப வளக்குறாங்க. வெட்டுன உடனே நட ஓட மாட்டாங்க. தானா என்னா மொளைக்குதுன்னு விட்டுப் பாத்து, மொளைக்காத எடத்துல மட்டும் நட்டு நிரப்புவாங்க. நெலத்தோட ஒசரமும் தண்ணி வர்ற வழியும் மாறாததால அங்க காடு திரும்பி வருது.

உடைஞ்ச பண்டு

ஃபைல பாத்த வாரக் கடைசியில பெரியப்பா என்னை வேற ஒரு எடத்துக்கு கூட்டிட்டுப் போனாரு. வா, மரம் எப்படி வரும்னு காட்டுறேன்னு. தொண்ணூறுகள்ல ஒரு தவுக்கே, அதாவது மொதலாளி, எறால் குளம் வெட்டுன எடம், நோய் வந்து எறால் செத்து அப்படியே போட்டுட்டுப் போனது. வரிசையா நாலு குளம். மொத மூணுல பண்டு அப்படியே இருக்கு, உள்ள தண்ணி செங்காவி நெறத்துல, ஓரத்துல மஞ்சளா படிஞ்சிருக்கு, ஒரு புல்லு கூட இல்ல. சதுப்பு மண்ண வெட்டி காய விட்டா அதுக்குள்ள இருக்குற கந்தகம் காத்து பட்டு அமிலமா மாறிடும், கடல் தண்ணி வந்து வந்து அலசினாத்தான் அது அடங்கும். அலச வழியில்லாம இருபது வருஷத்துக்கு மேல அப்படியே கெடக்கு.

நாலாவது குளத்துல, பழைய ஓடை இருந்த மூலையில, ஒரு பெரிய தண்ணியில பண்டு உடைஞ்சு போச்சாம், பெரியப்பா கணக்குல பத்து வருஷம் இருக்கும். ஒரு லாரி நொழையிற அகலம். அந்த ஓட்டைக்குள்ள குனிஞ்சு பாத்தேன், உள்ள காடு. ஆப்பி-ஆப்பி என்னை விட ரெண்டு மடங்கு ஒசரம், அடியில பென்சில் பென்சிலா மூச்சு வேரு ஆயிரக்கணக்குல நீட்டிக்கிட்டு இருக்கு, உள் பக்கம் பாக்காவ் மெல்ல கால் ஊனிக்கிட்டு வருது, பண்டு ஓரத்துல தில்லை மரம் கூட ரெண்டு நின்னுச்சு. தில்லை, சிதம்பரத்துக்கு தில்லைங்கிற பழைய பேரு குடுத்த மரம், மலாய்க்காரங்க பூத்தா-பூத்தான்னு சொல்லுவாங்க, பாலு கண்ணுல பட்டா கண்ணு போயிடும்னு. யாரும் நடல. பச்சை டி-ஷர்ட்டு இல்ல, நாசி லெமாக் இல்ல. நான் பையில இருந்து ஆட்டோ லெவல எடுத்து நிறுத்தி, பெரியப்பா கையில ஸ்டாஃப குடுத்து, ஒசரம் முன்னாடியே தெரிஞ்ச ரோட்டு ஓர பெஞ்ச் மார்க்குல இருந்து லெவல இழுத்துட்டு வந்தேன். அவரு முட்டி வரைக்கும் சேத்துல நின்னு ஸ்டாஃப நேரா புடிச்சுக்கிட்டு, ஆடாம நிக்கிறேனா பாருன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. குளத்து அடி 0.58. மேல போனா 0.80, 0.90. வெட்டிப்போட்ட காட்டோட அதே நம்பருங்க.

அங்க நின்னு நான் அழுதேன். பெரியப்பா ஒண்ணும் கேக்கல.

கர்னி டிரைவ பழைய பினாங்குக்காரங்க நெனச்சுப் பாருங்க. தஞ்சோங் தோக்கோங் பக்கம் கடல தூத்ததுக்கு அப்புறம் அந்தச் சுவத்துக்கு வெளிய சேறு சேந்து சேந்து மேடாகி, கொஞ்ச வருஷத்துல ஆப்பி-ஆப்பி கன்னு தானா மொளைச்சு நின்னுச்சுல்ல, நாம சாயங்காலம் ரோஜாக் தின்னுக்கிட்டே பாத்தோம். ஒசரம் கெடச்சா வெதை வரும். இப்ப அந்த எடமும் தூத்து பார்க்காயிருச்சு.

இத பெரிய அளவுல செஞ்சு காட்டுனவங்க இருக்காங்க. அமெரிக்காவுல ஃபுளோரிடாவுல ராபின் லூயிஸ்னு ஒரு சூழலியலாளர், 2018ல காலமாயிட்டாரு, ஹாலிவுட்ங்கிற ஊருல வெஸ்ட் லேக்ங்கிற எடத்துல எண்பதுகள்ல இருந்து சுமார் 500 ஹெக்டேர மீட்டெடுத்தாரு. கொட்டுன மண்ண வழிச்சு எடுத்து பக்கத்துல நிக்கிற நல்ல காட்டோட ஒசரத்துக்கே கொண்டு வந்து, ஓடைய திரும்ப வெட்டி விட்டாங்க. மாங்குரோவ் கன்னு நடல. அங்க இருக்குற மூணு வகையும் தானா வந்துச்சு. நம்ம பிச்சாவரத்துல கதை வேற மாதிரி, அங்க வெள்ளைக்காரன் காலத்துல இருந்து மொட்டையா வெட்டுனதுல நெலம் நடுவுல குழிஞ்சு தாம்பாளம் மாதிரி ஆகி, தண்ணி தேங்கி, வெயில்ல வத்தி உப்பு ஏறி மரம் வராமப் போச்சு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க மீன் முள்ளு மாதிரி நடுவுல ஒரு வாய்க்காலும் ரெண்டு பக்கமும் கெளை வாய்க்காலும் வெட்டி, கடல் தண்ணி ஏறி எறங்க வழி பண்ணி, அப்புறமா வாய்க்கால் ஓரத்துல நட்டாங்க. ரெண்டு எடத்துலயும் மொத கேள்வி ஒண்ணுதான், இங்க மரம் ஏன் தானா வரல? அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாம நடுற கன்னு மேல எனக்கு இப்ப நம்பிக்கை இல்ல.

அப்ப பண்ட உடைச்சு விட்டா போதுமான்னா, அதுவும் இல்ல. நாலாவது குளம் பழைய ஓடை மூலையில உடைஞ்சதாலதான் தண்ணி ஏறுன வழியிலயே எறங்குது. தப்பான எடத்துல உடைச்சா பாதித் தண்ணி உள்ளயே தேங்கி நிக்கும், தேங்குன தண்ணியில ஆப்பி-ஆப்பியோட மூச்சு வேரு மூழ்கி மரம் செத்துடும். வாய் சின்னதா இருந்தா வேகம் கூடி அரிக்கும். வெட்டுன மண்ண பக்கத்துலயே குவிச்சா அது மேடாகி அதுல காட்டுச்செடிதான் வரும். குளத்துக்குள்ள வெட்டுன சுத்து வாய்க்கால மண்ணு போட்டு தூத்துடணும், இல்லன்னா தண்ணி மேட்டுக்கு ஏறாம அதுலயே ஓடிடும். குளம் வெட்டி நெலம் ரொம்ப தாழ்ந்து போயிருந்தா மொத சேறு படிய வழி பண்ணணும், அதுக்கு வருஷக் கணக்குல ஆகும். இதெல்லாம் ஒரு காலையில முடியிற வேலை கெடையாது.

ஈடுங்கிற வார்த்தையே எனக்கு இப்ப உறுத்துது. அமெரிக்காவுல 1980கள் கடைசியில சதுப்பு நெலத்துல நிகர இழப்பு இருக்கக் கூடாதுன்னு கொள்கை வச்சாங்க, எவ்ளோ அழிக்கிறியோ அவ்ளோ உருவாக்கிக் குடுன்னு. 2001ல அவங்க தேசிய ஆராய்ச்சி மன்றமே கணக்குப் பாத்து, அந்தக் குறிக்கோள் நிறைவேறலன்னு எழுதுச்சு. அப்புறம் 2008ல விதிய இறுக்குனாங்க: கொறஞ்சது அஞ்சு வருஷம் கண்காணிக்கணும், தோத்தா திருத்துறதுக்குப் பணம் முன்கூட்டியே கட்டி வைக்கணும், அளவுகோல் முன்னாடியே எழுதி வைக்கணும். அதுக்கெல்லாம் முன்னாடி ஒரு வரிசை இருக்கு, மொத அழிக்காம தவிர், முடியலன்னா கொறச்சு அழி, அதுக்கும் மேல வேற வழியே இல்லன்னாதான் ஈடு. நம்ம பக்கம் கடைசிப் படியில இருந்தே பேச்ச ஆரம்பிக்கிறாங்க. எத்தனை கன்னு நடணும்னு கேக்குறாங்க, எத்தனை வருஷம் கழிச்சு எத்தனை மரம் நிக்கணும்னு கேக்க மாட்டேங்குறாங்க. அந்த நாலாவது குளம் பத்து வருஷத்துல நல்லா வந்திருக்குன்னாலும், நான் நாலு நாள் நின்ன காட்டுல ரெண்டு பேரு கை கோத்தாலும் கட்டிப் புடிக்க முடியாத பெரெப்பாட் இருந்துச்சு, அதுக்கு எத்தனை வருஷம்? நடுவுல நண்டு எங்க போகும், கெளுத்திக் குஞ்சு எங்க ஒதுங்கும்?

போன மாசம் அதே மாதிரி ஒரு நடவுக்கு ஆபீஸ் ஈமெயில்ல அழைப்பு வந்துச்சு. வேற ஏற்பாட்டாளர், வேற எடம், ஆனா இதுவும் சேறு. நான் போகலன்னு மட்டும் சொல்லிட்டு விட மனசு இல்ல. ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்புனேன்: நடுற எடத்தோட லெவல் என்ன, பக்கத்துல நிக்கிற காட்டோட லெவல் என்ன, அங்க முன்ன மரம் இருந்துச்சா, அஞ்சு வருஷம் யாரு போய்ப் பாப்பா, லெவல் எடுக்க ஆள் வேணும்னா நானே காசு வாங்காம வர்றேன். கூடவே அந்த எறால் குளத்தோட பிளானும் வச்சேன். குளத்து தவுக்கேவோட மகன பெரியப்பா தேடிப் புடிச்சு பேசியிருக்காரு. உப்புத்தண்ணிய உள்ள விட்டா நெலத்த வித்தா யாரு வாங்குவான்னு கேட்டாராம். ஞாயமான கேள்விதான், அவருக்குக் குடுக்க ஏதாவது வழி வேணும், வருஷ வாடகையோ, விலைக்கு வாங்குறதோ. ரெண்டாயிரம் கன்னுக்கும் பஸ்ஸுக்கும் டி-ஷர்ட்டுக்கும் ஆன செலவ அந்தப் பக்கம் திருப்பி விட்டா எவ்ளோ தேறும்னு ஒரு நாள் ஒக்காந்து எழுதிப் பாக்கணும்.

ஈமெயிலுக்குப் பதில் இன்னும் வரல. தவுக்கே மகன் அளந்து பாக்குறதுக்கு மட்டும் சரின்னு சொல்லியிருக்காரு. மொத மூணு குளத்துலயும் பழைய ஓடை எந்த மூலையில போச்சுன்னு பெரியப்பாவுக்கு ஞாபகம் இருக்கு, நாங்க ரெண்டு பேரும் போன வாரம் அங்க வெள்ளை பெயிண்ட் அடிச்ச கம்பு ஊனி, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு வச்சிருக்கோம், பண்டுக்கு வெளிய ஒண்ணு, உள்ள ஒண்ணு. வர்ற பௌர்ணமி வியாழக்கிழமை. பெரிய தண்ணி மறுநாள்தான் முழுசா ஏறும்னு சொன்னாரு, அதனால வெள்ளிக்கிழமைக்கு லீவு போட்டிருக்கேன்.